நட்சத்திரம் தெரியாத கூரை

அஞ்சலாட்சி அக்கா காலண்டர் பார்த்து நான் கண்டதில்லை. நிலாவைப் பார்ப்பாள். வைத்திக்குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, பதினைந்து வயதிலிருந்து தலையில் மீன்கூடை சுமந்தவளுக்கு அமாவாசை என்றைக்கு, பௌர்ணமி என்றைக்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்திரம் பதியும் நோட்டேர் ஆபீசில் டைப் அடிக்கும் எனக்குத்தான் மேசையில் ஒன்று, சுவரில் ஒன்று, கைப்பையில் ஒன்று என்று மூன்று காலண்டர். அப்படியும் யூதர்களின் புது வருஷம் எப்போது பிறக்கிறது என்பதை அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

யூதர்கள் என்றால் எங்கள் மேல்வீட்டு ராஷெல் மதாமும் அவர் கணவரும். மதாம் அல்ஜீரியாவில் பிறந்தவர். இருபது வயதில் குடும்பத்தோடு அந்த நாட்டைவிட்டுப் பிரான்சுக்குப் போனார். அங்கே ஒரு கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டார். வாத்தியாருக்குப் புதுச்சேரியில் வேலை கிடைக்க, இருவரும் இங்கே வந்து, ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார்கள். வாத்தியாரை எல்லோரும் முசியே என்போம். கீழ்வீட்டில் நானும் என் அம்மாவும் குடியிருந்தோம். ஊரில் அவர்களுக்கு ஜெபக்கூடம் கிடையாது, சேர்ந்து கும்பிட நாலு பேர் கிடையாது. ஆனாலும் அந்த வீட்டில் ஒரு பண்டிகை தவறியதில்லை.

அக்கா முதலில் அந்த மாடிப்படி ஏறியது மீன் விற்க. முதல் நாள் மதாம் சங்கரா வாங்கினார். வாடிக்கையைப் பிடித்துப் போட வேண்டுமே என்று மறுநாள் கொழுத்த நண்டாக நாலு பொறுக்கி, காசு வேண்டாம் என்று நீட்டினாள். மதாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த நாள் இறால். அதற்கும் தலையாட்டல். அதற்கடுத்த நாள் கணவாய். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம்தான் மதாம் ஒரு கொடுவாவை எடுத்து அதன் செதிலைத் தொட்டுக் காட்டி, துடுப்பைத் தொட்டுக் காட்டி விளக்கினார்.

"செதிலும் துடுப்பும் இருந்தாத்தான் மதாம் வாயில வைக்கும். மத்ததெல்லாம் தள்ளுபடி" என்று அக்கா என் அம்மாவிடம் வந்து சொன்னாள். "சுறா கூட வேணாமாம். என்னா நாக்கோ!"

இரண்டு வருஷத்தில் கூடையை ஓரமாக வைத்துவிட்டு அந்தச் சமையலறைக்குள்ளேயே நுழைந்துவிட்டாள். காலை ஏழிலிருந்து பிற்பகல் மூன்று வரை அங்கே சமையல். அதன் பிறகு குப்பத்துக்குப் போய் சாயங்கால மீன் வியாபாரம். மதாம் அவளிடம் தமிழ் கற்றார். அதனால்தான் அந்த வெள்ளைக்கார அம்மாள் பேசினால் அச்சு அசலாக வைத்திக்குப்பம் பேசும். அக்கா மதாமிடம் வருஷத்தைக் கற்றாள்.

அந்த வருஷக் கணக்கை அவள் வாயால் கேட்டால் இப்படி இருக்கும். புரட்டாசிப் பௌர்ணமிக்கு முந்தின அமாவாசையோடு வருஷம் பிறக்கும். ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தின்பார்கள். மேசை நடுவே முழு மீன்தலை ஒன்று இருக்க வேண்டும், வருகிற வருஷம் வாலாக இல்லாமல் தலையாக இருக்க வேண்டும் என்று. இந்த ஒரு சாங்கியத்துக்காகவே அக்கா அவர்களை முழு மனதோடு ஏற்றுக்கொண்டாள். அந்தத் தலையைத் தேர்ந்தெடுக்க விடிவதற்குள் கரைக்குப் போவாள். பத்தாம் நாள் பட்டினி. பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. "சாமிக்கு விரதம் இருக்கறவங்கள பாத்திருக்கேன், சாமிகிட்ட சண்டைக்குப் போற மாதிரி இருக்கறவங்கள இங்கதான் பாக்கறேன்" என்பாள். அதற்கு ஐந்தாம் நாள் பௌர்ணமி, மொட்டைமாடியில் குடிசை. கார்த்திகை மார்கழி வாக்கில் எட்டு நாள் விளக்கு, தினம் ஒன்று கூட்டி. அப்போது எண்ணெயில் சுடும் பலகாரத்துக்கு நடுவில் ஓட்டை உண்டு என்பதால் அது அவளுக்கு வடை. மாசியிலோ பங்குனியிலோ ஒரு பௌர்ணமிக்கு அக்கம்பக்கம் தட்டுத் தட்டாகத் தின்பண்டம் போகும். சில வருஷம் அவர்களுக்குப் பதின்மூன்று மாசம் என்பதால் அந்தப் பௌர்ணமி ஒரு மாசம் தள்ளிப்போய், அக்கா முன்கூட்டியே பலகாரம் சுட்டுவிட்டு அசடு வழிந்ததும் உண்டு. அதற்கடுத்த பௌர்ணமியில் புளித்த மாவு, புளிக்கக்கூடிய மாவு எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. அதற்கு முன்னாலேயே மைதா, ரவை, பிஸ்கட் எல்லாவற்றையும் மதாம் முறைப்படி அக்காவுக்கு ஒரு ரூபாய்க்கு விற்றுவிடுவார். எட்டு நாள் கழித்து அக்கா பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுப்பாள். அந்த எட்டு நாளும் அவள் நடையே வேறு. முதலாளி நடை.

எல்லாம் தெரிந்த அவளுக்கு ஒன்றே ஒன்று மட்டும் தெரியாது. அந்தக் குடிசையை அவள் உள்ளே நின்று பார்த்ததில்லை. முசியே தானே மூங்கில் நட்டு, தானே ஓலை போடுவார். பண்டிகை தொடங்குவது சூரியன் மறைந்த பிறகு. அதற்குள் அவள் குப்பத்தில் மீன் விற்றுக்கொண்டிருப்பாள். பகலில் அடுப்படியை விட்டு மொட்டைமாடிக்கு ஏற அவளுக்கு வேலை வந்ததில்லை. தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஓலை விளிம்பு தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. அக்கா அப்போது மாடியில் மதாமுக்காக மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவள் கணவர் காசிலிங்கம் ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பித்தார். வீடு போயிற்று. படகு இரண்டாகப் பிளந்து தெருவில் கிடந்தது. குப்பத்தில் வீடு போனவர்களுக்கு வரிசையாகத் தகரக் கொட்டகை போட்டார்கள். வெயிலில் அடுப்பு, மழையில் சல்லடை. நிரந்தர வீடு வரும் என்றார்கள், பட்டியலில் பேர் எழுதிக்கொண்டார்கள்.

மதாம் தன் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து சாவியை நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"வேணாம் மதாம். நான் இங்க வந்து படுத்துக்கிட்டா, இவளுக்குத்தான் வீடு கெடைச்சிடுச்சேன்னு பட்டியல்ல பேரை அடிச்சிடுவாங்க. என் வீடு இருந்த எடத்துலயே எனக்கு வீடு வேணும். அது வர்றவரைக்கும் நான் அந்தக் கொட்டகைய வுட்டு நவர மாட்டேன்."

அடுத்து வந்த சித்திரையில் முசியே மாரடைப்பில் போனார். மதாம் அழுததை நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்கால மெழுகுவத்தி மட்டும் தவறாமல் எரிந்தது. புரட்டாசி வந்தது. மீன்தலை வந்தது, பட்டினி வந்தது. குடிசைக்கு நான்கு நாள் இருக்கும்போது மதாம், "இந்த வருசம் குடிசை வேணாம் அஞ்சலா. கட்டறதுக்கு ஆளு இல்ல" என்றார்.

"ஆளு இல்லன்னு யாரு சொன்னது?" என்றாள் அக்கா.

மறுநாள் காலையிலேயே காசிலிங்கம் மூங்கிலோடு வந்துவிட்டார். அலைக்குப் பிறகு அந்த மனிதர் பேச்சையே குறைத்துக்கொண்டிருந்தார். வேலை என்று ஒன்று கைக்கு வந்ததும் முகம் தெளிந்தது. அரியாங்குப்பத்திலிருந்து புதுக் கீற்று வந்தது. அக்காவும் சாயங்கால வியாபாரத்தை விட்டுவிட்டு மாடியிலேயே நின்றாள். கீற்றின் மேல் கீற்று, இரட்டை அடுக்கு, முடிச்சுக்கு மேல் முடிச்சு. தங்களுக்கு ஒரு வீடு கட்டுவதுபோலத்தான் கட்டினார்கள். பண்டிகை தொடங்கும் அன்று பிற்பகலில் வேலை முடிந்தது. காசிலிங்கம் ஒரு குடம் தண்ணீரைக் கூரைமேல் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. நான் அன்று ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்திருந்தேன். கைதட்டினேன். முட்டாள்! முந்தின வருஷம் முசியேவின் குடிசையில் உட்கார்ந்து சூப் குடித்தவள் நான். இடுக்கு இடுக்காக வானம் தெரிந்தது. கணக்கு வாத்தியாருக்குக் கூரை போடத் தெரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

நாலரை மணிக்கு மதாம் படியேறி வந்தார். உள்ளே நுழைந்து அண்ணாந்தார்.

"அழகா இருக்கு" என்றார். "ஆனா நட்சத்திரம் தெரியாதே, அஞ்சலா."

அக்காவுக்குப் புரியவில்லை. மதாம் தயங்கித் தயங்கிச் சொன்னார். கூரை இலையாகவோ ஓலையாகவோ இருக்க வேண்டும். ஆனால் அதன் வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும். மழை பெய்தால் உள்ளே விழ வேண்டும். மழை நுழையாத கூரை என்றால் அது வீடு. இந்தப் பண்டிகைக்கு ஆகாது. இருட்டுவதற்குள் சரி செய்தால் உண்டு, இல்லாவிட்டால் இந்த வருஷம் போகட்டும், பரவாயில்லை என்றார்.

காசிலிங்கம் தோளில் கிடந்த துண்டை உதறினார். "ஒழுவற கூரைய கட்டனவன்னு எவனும் என்னை சொல்லக் கூடாது. கட்டனது கட்டனதுதான், நான் கை வைக்க மாட்டேன்" என்று இறங்கிப் போனவர், கீழே எங்கள் வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கூரையைப் பார்த்தாள், மதாமைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"பத்து மாசமா என் தலையில தண்ணி ஒழுவுது மதாம். நேத்து ராத்திரி கூட சட்டியும் பானையும் வைச்சி புடிச்சேன். ஒரு சொட்டு விழாத கூரைன்னா எப்பிடி இருக்கும்னு எங்க கண்ணால பாக்கத்தான் இத கட்டனோம். அதுல ஓட்டை போடச் சொல்றீங்களா? கல்லு வீட்டுல இருக்கறவங்கள மழையில நனையச் சொல்ற சாமி என்னா சாமி?"

மதாம் பிளாஸ்டிக் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "எங்க ஜனங்க நாப்பது வருசம் பாலைவனத்துல குடிசையில இருந்தாங்க. வீடு இல்லாத நாளை மறக்கக் கூடாது. அதுக்குத்தான் ஏழு நாள். எனக்கும் ஒரு வீடு போச்சு, அஞ்சலா. கதவைப் பூட்டி சாவியை எடுத்துக்கிட்டு கப்பல் ஏறினோம். சாவி இன்னும் பெட்டியில இருக்கு."

"மறக்கறதுக்கு மொதல்ல அதுலேர்ந்து வெளிய வரணும் இல்ல? நான் இன்னும் உள்ளதான் கெடக்கறேன்."

கிழக்கே கடலுக்கு மேல் மேகம் கூடிக்கொண்டிருந்தது. மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா கைப்பிடிச் சுவரோரம் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "ஹேமா, அந்த முக்காலிய எடு" என்றாள்.

ஏறி நின்று, தன் கையால் கட்டிய முடிச்சுகளைத் தானே அறுத்தாள். மேலடுக்குக் கீற்றை உருவி எறிந்தாள். கீழடுக்கில் ஒன்றுவிட்டு ஒன்றாக இழுத்தாள். அவள் அழுதுகொண்டேதான் செய்தாள், ஆனால் கை நிற்கவில்லை. நான் கீழே விழுந்ததையெல்லாம் ஓரமாக அடுக்கினேன். எனக்கும் அழுகையாகத்தான் வந்தது. சூரியன் மறையும் நேரத்தில் கூரை அரைகுறையாக, முசியே கட்டியதைப் போலவே இருந்தது.

"இப்ப சரியா?" என்றாள் அக்கா.

"சரி" என்றார் மதாம். "நீயும் உக்காரு. இன்னிக்கி மீனை வேற யாராவது விப்பாங்க."

மூன்று பேரும் உட்கார்ந்தோம். மதாம் தன் மொழியில் மெல்லிய குரலில் ஏதோ ஓதி, திராட்சை ரசத்தை ஒரு வாய் குடித்தார். ஓலை இடுக்கில் நிலா வந்தது. சூப்பைப் பாதி குடித்திருப்போம், மேகம் வந்து மூடியது. முதல் சொட்டு என் தட்டில் விழுந்தது. பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது.

மதாம் எழுந்தார். "சூப்புல தண்ணி விழுந்தா எழுந்து உள்ள போகலாம். சட்டம் அப்படித்தான் சொல்லுது. வாங்க."

அக்கா அசையவில்லை. தட்டிலிருந்த மீனை முள் பார்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க போங்க மதாம். எழுந்து உள்ள போவறதுக்கு ஒரு வீடு இருக்கணும். எனக்கு எங்க ஒக்காந்தாலும் இதே மழைதான்."

மதாம் குடிசை வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்து, ஈர நாற்காலியில் உட்கார்ந்து, மழைத் தண்ணீர் கலந்த சூப்பை ஸ்பூனால் எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். நான் மட்டும் எப்படிப் போவது? அந்த இரண்டு பிடிவாதக்காரிகளுக்கு நடுவே தொப்பலாக நனைந்து, மறுநாள் ஜலதோஷத்தோடு ஆபீஸ் போனேன்.

பண்டிகை முடிந்த அடுத்த திங்கள்கிழமை அக்கா மனுவோடு கிளம்பினாள். அவள் போவது புதிதல்ல. வீட்டுப் பட்டியல் வைத்திருந்த அலுவலகத்துக்கு அவள் திங்கள் தவறாமல் போய்க்கொண்டிருந்தாள், நான்தான் மனு அடித்துக் கொடுப்பேன். அந்தத் திங்களில் மதாமும் தொப்பியை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கினார்.

"நீங்க எதுக்கு மதாம்?"

"வரிசையில நிக்க" என்றார் மதாம்.

அதிலிருந்து இருவருமாகத்தான் போனார்கள். மதாம் அங்கே வாயைத் திறப்பதில்லை. அக்காவுக்குப் பின்னால் நிற்பார், அவ்வளவுதான். வெள்ளைக்கார அம்மாள் கால்கடுக்க நிற்கிறாரே என்று யாராவது நாற்காலி போட்டால், அதில் அக்காவை உட்காரச் சொல்வார். மறு வருஷம் வைகாசியில் ஒரு வழி பிறந்தது. ஊருக்கு மேற்கே, இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில், கட்டி முடித்த வீடு தயார். கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே சாவி. பலர் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கொட்டகையில் ஒரு கோடை இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். நானே அக்காவிடம், "போட்டுடு அக்கா, கெடைக்கறத விடாத" என்றேன்.

"கடல் கண்ணுல படாத எடத்துல நான் என்னா விப்பேன், கத்திரிக்காயா?" என்றாள். கையெழுத்துப் போடவில்லை. காசிலிங்கம் அன்று அவளோடு பேசவில்லை. அந்தப் புரட்டாசியில் அவள் தனியாளாகக் குடிசை கட்டினாள், எண்ணி எண்ணி இடுக்கு விட்டு. மழை பெய்யவில்லை. ஆனாலும் அன்று மதாமும் நானும் அவள் எழுந்திருக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

குப்பத்திலேயே கட்டுவதென்று முடிவாகி, பழைய வீடு இருந்த இடத்துக்கு நாலு அடி தள்ளி அவளுக்கு அஸ்திவாரம் போட்டது அதற்கடுத்த தை மாசம். இரண்டாயிரத்து ஏழு ஆவணியில் பால் காய்ச்சினாள். ஒரு ஹால், ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை, மேலே கான்கிரீட் தளம். பூசிய சுண்ணாம்பு வாசனை போவதற்குள் புரட்டாசிப் பௌர்ணமி வந்துவிட்டது.

அந்த வருஷம் மூங்கில் நட்டது காசிலிங்கம். இடுக்கு விட்டுக் கூரை போடவும் அவரே முன்வந்தார். "எத்தினி நட்சத்திரம் வேணும் மதாமுக்கு?" என்று கேட்டுச் சிரிக்கவும் செய்தார். சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். நல்ல கொடுவா. மதாமின் சூப். பாதி சாப்பாட்டில் கடலுக்கு மேல் மின்னியது. ஒரு பெரிய சொட்டு மதாமின் தட்டில் விழுந்தது, அப்புறம் இன்னொன்று.

மதாம் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காசிலிங்கம் கூட வாயில் வைத்த மீனை மெல்லாமல் பார்த்தார்.

அக்கா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எழுந்திருங்க மதாம். சூப்புல தண்ணி விழுந்துடுச்சி, உள்ள போவலாம்."

மதாம் தன் வீட்டுப் படியை நோக்கி ஓரடி வைத்தார்.

"அங்க இல்ல" என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்கு."

சூப் பாத்திரத்தைக் காசிலிங்கம் தூக்கிக்கொண்டார், மீனை நான். பண்டிகை நாளில் குடை விரிப்பதில்லை என்று மதாம் சொல்லிவிட்டதால் எங்களில் யாரும் குடை எடுக்கவில்லை. வைத்திக்குப்பம் வரை கொட்டும் மழையில் நடந்தோம். தெருவில் ஒதுங்கி நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்றிருந்தது எனக்கு.

அக்கா கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். புடவை சொட்டச் சொட்ட ஹாலின் நடுவில் நின்று, மதாமின் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். மேலே மழை அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளைத் தளத்தில் ஒரு ஈரக்கறை கூட இல்லை.

"பாருங்க மதாம்" என்றாள் அக்கா. "ஒரு நட்சத்திரம் கூட தெரியல."